குளிர்சாதனப் பெட்டி ஏன் குளிரவில்லை?

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. குழாயில் ஓடும் திரவம் உள்ளே ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்தி வெளிப்புறக் குழாய்களுக்கு அனுப்ப, வெப்பம் அங்கே காற்றில் கலக்கிறது. இப்பாதையில் தடை நேர்ந்தால் குளிர் குறையும்.

உள்ளே 5 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்டால் பாலிலும் மீனிலும் கிருமிகள் விரைந்து பெருகும். இன்சுலின் மருந்தையோ 2 முதல் 8 டிகிரிக்குள் காக்க வேண்டும். எனவே இதை அசட்டை செய்யலாகாது.

ஒரு தம்ளர் நீரில் வெப்பமானியை இட்டு, இரவு முழுவதும் உள்ளே வைத்துப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. வெப்பம் மிகுந்திருந்தால்:

1. குளிரைக் கூட்டும் குமிழைச் சரிபாருங்கள்.

2. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். எளிதில் வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துள்ளது.

3. மின்தொடர்பைத் துண்டித்து, பின்புறக் குழாய்களின் தூசியைத் துடையுங்கள். பெட்டி சுவரை ஒட்டி நிற்கலாகாது.

4. உறைபனி தடித்திருந்தால் மின்சாரத்தை நிறுத்தி உருக விடுங்கள். கத்தியால் சுரண்டினால் குழாய் துளைபட்டு வாயு வெளியேறிவிடும்.

5. கொதிக்கும் குழம்பைச் சூடு தணிந்தபின் வையுங்கள்.

இவ்வளவு செய்தும் குளிராவிடில் பழுது உள்ளே இருக்கிறது. மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை.