பாரைக் காட்டும் எண்கள்

தொழில்நுட்பம் என்றால் கரையோரக் கிராமமான சல்லியில் இளசுகளுக்கு வட்ஸ்அப், டிக்டொக், இப்போது சட்ஜிபிடி. திரையில் தெரிபவை இவை. இன்று வரும், நாளை போகும். பிளேன்டீயை ஆறவிடாமல் குடித்துக்கொண்டே கேளுங்கள். கரையோர மீன்பிடித் தொழிலைப் புரட்டிப்போட்டது இவற்றில் எதுவுமில்லை, படகில் கிடக்கும் அந்தச் சின்ன ஜீ.பி.எஸ். கருவிதான்.

முன்பு கடலுக்குள் ஒரு பாரை, அதாவது மீன் கூடும் பாறைத்திட்டைக் கண்டுபிடிக்கக் கரையைத்தான் பார்க்க வேண்டும். கோபுரமோ குன்றோ பனையோ, முன்னும் பின்னுமாகத் தெரியும் இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். வேறொரு பக்கத்தில் இன்னும் இரண்டு. இரு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் பார் இருக்கும். அந்தக் கணக்கைத் தகப்பன் மகனுக்குச் சொல்வார். பக்கத்து வீட்டுக்கு மூச்சுவிடமாட்டார்.

அமெரிக்க இராணுவம் தன் தேவைக்குச் செய்த ஜீ.பி.எஸ்.ஸின் முதல் செய்மதி 1978இல் விண்ணுக்குப் போனது. பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்திருந்தார்கள். நூறு மீற்றர் வரை தள்ளிக் காட்டும். சின்னப் பாருக்கு நூறு மீற்றர் தள்ளினால் வெறும் மணல்தான். 2000 மே மாதம் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். யாரும் புதுக்கருவி வாங்க வேண்டியிருக்கவில்லை. இருந்தவை எல்லாம் ஒரே இரவில் கூர்மையாகிவிட்டன. அதன்பின் பார் என்பது கருவி காட்டும் இரண்டு எண்கள்: அகலாங்கும் நெட்டாங்கும். எண்ணைப் பூட்டிவைக்க முடியுமா? வட்ஸ்அப் அதைக் கொண்டுபோகும் தபால்காரன் மட்டும்.

அடுத்தது கொஞ்சம் கசப்பு. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. ஆழ்கடலில் நம் கலங்களைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. பலநாள் கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டி, சட்டத்தையும் இறுக்கிய பிறகு 2016இல் தடை நீங்கியது. பார் எங்கே என்று செய்மதி நமக்குச் சொன்னது போக, நாம் எங்கே என்ற தகவலும் வேறு செய்மதி வழியாக அதிகாரிக்குப் போகத் தொடங்கியது. கவனிக்க வேண்டிய போக்கு இதுதான் என்பேன். 2025 ஜூலையில் செய்மதி இணையச் சேவையான ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்: கைபேசிக் கோபுரம் எட்டாத இடத்திலிருந்தும் தகவல் கரைக்கு வரும் காலம் இது.

பலநாள் கலத்துக்கு வந்த கண்காணிப்புக் கருவி நம் பைபர் படகுக்கும் ஒருநாள் வரும் என்பது என் கணிப்பு. அன்று மீனவர் சங்கக் கூட்டத்தில் கருவி இலவசமா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். பதிவாகும் தகவல் யார் கைக்குப் போகும், பழுதானால் செலவு யாருடையது, நம் பார்களின் எண்களை யார் யார் பார்க்கலாம் என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.