வாசகர் பேனா எடுக்கும் முன்

1951-ல் நாகர்கோவிலிலிருந்து 'புதுமைப்பித்தன் நினைவு மலர்' வெளிவந்தது. சிறுகதையாசிரியர் புதுமைப்பித்தன் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மலரைக் கொண்டுவந்தவர் இருபது வயது இளைஞர். சிறு வயதில் மூட்டு நோயில் படுத்ததால் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதி கோட்டயத்தில் கழிந்ததால் முதலில் வசப்பட்டது மலையாளம். தமிழை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே பதினெட்டு வயதை ஒட்டித்தான். கற்ற கையோடு புதுமைப்பித்தனைப் படித்தார். படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அவருடைய முதல் கதையான 'முதலும் முடிவும்' அந்த மலரில்தான் வெளியானது. அந்த இளைஞர்தான் சுந்தர ராமசாமி.

நிறையப் படித்தால் ஒரு நாள் எழுத வந்துவிடும் என்று பொதுவாகச் சொல்கிறோம். வீடு நிறையப் புத்தகங்களோடு ஆயுள் முழுவதும் படித்துவிட்டு ஒரு வரியும் எழுதாமல் நிறைவாக வாழ்ந்தவர்கள் ஏராளம். படிப்பவர்களில் சிலர் மட்டும் எப்படிக் கதைக்காரர்கள் ஆகிறார்கள்? நம் எழுத்தாளர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தென்படுகிறது. படிப்புக்கும் எழுத்துக்கும் நடுவில் அவர்கள் பிறருடைய கதைகளுக்காக உழைத்திருக்கிறார்கள். சொல்லிக் காட்டியிருக்கிறார்கள், மொழிபெயர்த்திருக்கிறார்கள், பிழை திருத்தியிருக்கிறார்கள், பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்பில்தான் கை பழகியிருக்கிறது.

தகழியிடம் பயின்ற பாடம்

நினைவு மலரோடு சுந்தர ராமசாமி நிற்கவில்லை. மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' நாவலைத் தமிழாக்கினார். ஆலப்புழை நகரில் மலம் அள்ளும் தொழிலாளிகளின் கதை அது. இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகனன் என்று மூன்று தலைமுறையாக அந்தத் தொழில் மனிதர்களைப் பிடித்து வைத்திருக்கும் கொடுமையைச் சொல்லும் நாவல். தமிழாக்கம் 1950-களில் 'சரஸ்வதி' இதழில் தொடராக வந்தது. நூலாக வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தகழியின் 'செம்மீன்' நாவலையும் அவரே மொழிபெயர்த்தார்.

வாசகராக ஒரு நாவலை ஒரே இரவில் கடந்துவிடலாம். மொழிபெயர்ப்பவரால் அப்படி ஓட முடியாது. இந்த மனிதர் இந்த இடத்தில் ஏன் வாய் திறக்கவில்லை, இந்த அத்தியாயம் ஏன் இங்கே முடிகிறது என்று வாக்கியத்துக்கு வாக்கியம் நின்று பார்த்தாக வேண்டும். நாவலின் கட்டுமானம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஏட்டுத் தமிழ் பேசாத மனிதர்களுக்குத் தமிழில் ஒரு பேச்சு அமைத்துத் தர வேண்டிய பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. 1966-ல் வந்த 'ஒரு புளியமரத்தின் கதை'யைப் பிரித்தால் இந்தப் பயிற்சியின் பலனைக் காணலாம். ஒரு நாற்சந்தி, அதில் ஒரு புளியமரம், அதைச் சுற்றி கடைக்காரர்கள், அரசியல்வாதிகள், கதை சொல்லிக்கொண்டே இருக்கும் தாமோதர ஆசான். நாஞ்சில் நாட்டுப் பேச்சு தயக்கமில்லாமல் நாவலுக்குள் நடமாடுகிறது. தகழி ஆலப்புழையை எழுதியதை எழுத்தெண்ணிப் படித்தவர் நாகர்கோவிலை எழுதத் துணிந்ததில் வியப்பில்லை.

இடைசெவல் நண்பர்கள்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கரிசல் கிராமம் இடைசெவல். ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வயதில் இருவர்: கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன். சேர்ந்து படித்தார்கள்; இசையிலும் இருவருக்கும் ஒரே பித்து. அழகிரிசாமி முந்திக்கொண்டு எழுத வந்தார். சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்தார், மலேயாவில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சில ஆண்டுகள் இருந்தார். மாக்சிம் கார்க்கியைத் தமிழாக்கினார். பழந்தமிழ்க் கவிதையில் ஊறிய மனமும் ரஷ்யக் கதைகளில் தோய்ந்த மனமும் அவருக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன. 'ராஜா வந்திருக்கிறார்', 'அன்பளிப்பு' போன்ற கதைகளில் குழந்தைகளிடம் அவர் காட்டும் பரிவு, பெரிய ஆசான்களை நிதானமாகப் படித்த ஒருவரின் பரிவு. அவர் 1970-ல் காலமானார். அந்த ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது 'அன்பளிப்பு' தொகுப்புக்குக் கிடைத்தது.

கி.ரா. ஊரிலேயே விவசாயியாக இருந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வெளியூர் போன நண்பருக்கும் அவருக்கும் நடுவே பாலமாக இருந்தவை கடிதங்கள். அழகிரிசாமி தனக்கு எழுதிய கடிதங்களை அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்து பின்னாளில் நூலாகத் தந்தார். பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும்போது வருகிற விறைப்பு நண்பனுக்கு எழுதும்போது வராது. படித்த புத்தகம், கேட்ட பாட்டு, ஊரில் நடந்த சங்கதி எல்லாம் பேசுவது போலவே தாளில் இறங்கும். கி.ரா.வின் கதைகளில் நாம் கேட்கிற, திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போன்ற அந்தக் குரலுக்கு முதல் களம் கடிதம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவருடைய 'மாயமான்' 'சரஸ்வதி'யில் வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். அதன் பிறகு 'கோபல்ல கிராமம்', சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கோபல்லபுரத்து மக்கள்', கரிசல் வட்டாரச் சொல்லகராதி என்று அவர் தொண்ணூறு வயதைத் தாண்டியும் எழுதினார். தாமதமாகத் தொடங்கியதால் எதுவும் குறைந்துவிடவில்லை.

இந்தக் கதை இரண்டு பேரோடு முடியவில்லை. அதே கரிசல் மண்ணில் அழகிரிசாமியைப் படித்து, அவரைத் தன் மானசீக ஆசானாகக் கொண்டு எழுத வந்தவர் பூமணி. 'பிறகு', 'வெக்கை', 2014-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'அஞ்ஞாடி' எல்லாம் அந்த வாசிப்பின் வழித்தோன்றல்கள். அழகிரிசாமியைப் போலவே எழுத வேண்டும் என்று பூமணி முனையவில்லை. நம் ஊரையும் நம் சனங்களையும் இலக்கியமாக எழுதலாம் என்ற தைரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அழகிரிசாமி எழுதாத தெருக்களுக்குள் போனார். ஒரு நல்ல வாசகருக்கு முன்னோடி தரக்கூடிய ஆகப் பெரிய கொடை அந்தத் தைரியம்.

எழுதத் தெரியாமலே ஒரு தொடக்கம்

புத்தகக் காதல் என்றதும் படித்தவர் வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். 1901-ல் பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் போகவில்லை. கதை கேட்பதிலும், கேட்டதைச் சுற்றியிருந்த பிள்ளைகளுக்குச் சொல்வதிலும் அவருக்குத் தீராத ஆசை. கணவர் நாடகங்களுக்கு அழைத்துப் போனார். மனசுக்குள் ஒரு நாடகம் உருவானபோது அதை எழுதக் கை பழகியிருக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படி உருவான 'இந்திர மோஹனா' 1924-ல் அச்சேறியது. அடுத்த ஆண்டே 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். வாழ்நாளில் அவர் எழுதிய நாவல்கள் 115.

பிள்ளைகளுக்குக் கதை சொன்ன அந்த நாட்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. கேட்கிற குழந்தை எங்கே கண்ணை விரிக்கிறது, எங்கே எழுந்து ஓடப் பார்க்கிறது என்பதைப் பார்த்துப் பார்த்தே கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். தொடர்கதை எழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய பாடம் உண்டா?

ஜெயகாந்தனின் பாதை வேறு. கடலூரிலிருந்து சென்னைக்கு வந்த சிறுவனுக்குப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோயிற்று. கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமும் அச்சுக்கூடமுமே அவருக்குக் கல்லூரி. அச்சுக் கோப்பதும் புரூஃப் பார்ப்பதும் பிழைப்பாக இருந்த இடத்தில் பாரதியையும் உலக இலக்கியத்தையும் தோழர்கள் வாயிலிருந்தே கேட்டு வளர்ந்தார். ஒவ்வோர் எழுத்தாகப் பிறர் வாக்கியத்தைச் சரிபார்த்த கண் பின்னர் ஞானபீட விருது வரைக்கும் போயிற்று.

நமக்கு என்ன வழி?

எழுத வேண்டும் என்று ஆசைப்படும் வாசகர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு கலங்க வேண்டாம். முதலில், உங்களுக்குப் பிடித்த கதைக்காக ஏதாவது செய்யுங்கள். அதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். வேறொரு மொழி தெரிந்தால் அதிலிருந்து ஒரு சிறுகதையையாவது தமிழுக்குக் கொண்டுவந்து பாருங்கள். அந்தக் கதை ஏன் உங்களை உலுக்கியது என்று ஒரு நண்பருக்கு விரிவாக எழுதுங்கள். ஊரில் உள்ள மறக்கப்பட்ட எழுத்தாளரின் பழைய பிரதிகளைத் தேடிச் சேகரியுங்கள். இதில் எதற்கும் வயது வரம்பு கிடையாது, பட்டம் தேவையில்லை.

இவையெல்லாம் நடக்கப் புத்தகம் கைக்கு எட்ட வேண்டும். 1948-லேயே பொது நூலகச் சட்டம் இயற்றி வழிகாட்டியது அன்றைய சென்னை மாகாணம். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. சென்னையிலும் மதுரையிலும் பெரிய நூலகங்கள் எழுந்திருப்பது பெருமைதான். இடைசெவல் போன்ற ஊர்களில் உள்ள கிளை நூலகம் மாலையில் திறந்திருப்பதும், அங்கே புதுப் புத்தகம் வருவதும், அதைப் படித்துவிட்டுப் பேச ஒரு துணை இருப்பதும் அதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையவை. பள்ளி முடிக்காத நான்கு பேர், பத்திரிகையும் நண்பரும் அச்சுக்கூடமும் கைகொடுத்ததால் நமக்கு ஓர் இலக்கியத்தைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வாய்ப்பு அடுத்த தலைமுறை வாசகருக்கும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது, படிக்கிற நம் எல்லோருடைய கடமை.