கூத்து ஒலிப்பதிவு: மைக் யாருடைய காது?

மேலைநாட்டு ஆர்கன் இசைத்தட்டுகளை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகள் சொல்வார்கள். வாசிப்புக்கு ஒன்று, ஒலித்தரத்துக்கு ஒன்று. ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1935இல் லண்டன் தேவாலயம் ஒன்றில் பதிவுசெய்த பாக் இசையில் இரைச்சல் உண்டு. என்றாலும் வாசிப்புக்காக அது இன்றும் கேட்கப்படுகிறது. இந்தப் பிரிவினை பயனுள்ளதுதான். ஆனால் ஆர்கன் விஷயத்தில் இது பாதி தூரம்தான் வரும். ஆர்கன் அதன் குழாய்களோடு முடிவதில்லை. அது நிற்கிற கட்டடமும் வாத்தியத்தில் சேர்த்திதான். குழாய்க்குப் பக்கத்தில் மைக்கை வைத்தால் விரல்வேலை துல்லியமாகக் கேட்கும், கட்டடம் காணாமல் போகும். தள்ளி வைத்தால் கட்டடம் கேட்கும், சுரங்கள் ஒன்றில் ஒன்று கரையும். ஆக, மைக்கை எங்கே வைப்பது என்பதே ஒரு வாசிப்பு, ஒரு நிலைப்பாடு.

சிங்கவரத்தில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எதற்குப் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. செஞ்சி வட்டாரத் தெருக்கூத்தில் ஒலிக்கிற ஆர்மோனியம் ஆர்கனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அங்கே குழாய், இங்கே உலோக நாக்கு. இரண்டுக்கும் உயிர் காற்று. கூத்துக்கும் ஒரு கட்டடம் உண்டு. அதற்குச் சுவர் கிடையாது, அவ்வளவுதான். திறந்த களம், சுற்றிலும் சனம், ராத்திரி. திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட தன் முதல் தொகுதியைச் செஞ்சியிலிருந்துதான் தொடங்கினார். பக்கத்து மேலச்சேரியின் கோவில் அதில் முக்கியமான இடம். இந்த வட்டாரத்துக் கூத்தைக் கேசட்டிலும் இப்போது செல்போனிலும் பிடித்து வைத்திருக்கிறோம். இவற்றில் எது நல்ல பதிவு என்று சொல்ல நம்மிடம் அளவுகோல் இருக்கிறதா?

முதலில் மெஷினின் பிழையை ஆளின் பிழையிலிருந்து பிரிக்க வேண்டும். பல கேசட் ரெக்கார்டர்களில் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு இருந்தது. கட்டியக்காரன் ஓங்கிக் குரல் கொடுத்தால் அது மொத்தத்தையும் அமுக்கிவிடும். அவன் நிறுத்தியதும் முகவீணை மெல்ல மேலேறி வரும். கேட்கிறவர், ‘முகவீணைக்காரர் தடுமாறுறாரே’ என்பார். தடுமாறியது மெஷின். இன்னொன்று வேகம். பேட்டரி தளர்ந்து நாடா மெதுவாக ஓடியபோது பதிவானதைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும். வேகம் சுமார் 6 சதவீதம் கூடினாலே அரைக்கட்டை ஏறும். அதைக் கேட்டுவிட்டு ‘அந்தக் காலத்து வாத்தியார் குரல் எங்கே, இன்றைய குரல் எங்கே’ என்று புலம்புவது அபத்தம். இங்கே ஆர்மோனியம்தான் நமக்குச் சாட்சி. பாடகர் குரல் தானாகவே ஏறி இறங்கும். ஆர்மோனியச் சுரம் நீளமாக, அசையாமல் நிற்கும். அது நெளிந்தால் நெளிந்தது நாடா. ஆர்கன் பதிவுகளிலும் இதே சோதனைதான்.

அடுத்தது இடம். ‘அர்ச்சுனன் தபசு’ கூத்தில் நடிகர் தபசு மரத்தில் ஏறி, உச்சியிலிருந்து பாடுகிறார். கீழே இருப்பவர்கள் அண்ணாந்து கேட்கிறார்கள். அந்த உயரம் பாட்டின் பொருளில் பாதி. சட்டையில் குத்திய சின்ன மைக்கில் பிடித்தால் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழும், மரம் விழுந்துவிடும். திரைக்குப் பின்னால் பாடி வருகிற வேஷத்துக்கும் இதே கதிதான். திரையை விலக்கும்போது குரல் திறப்பதே நாடகம். ஸ்டுடியோவில் திரை ஏது? அங்கே பின்பாட்டுக்காரர்களைத் தனித்தனியாகப் பதிந்து கலந்தால், ஒரு அடியை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் உறவு வெறும் கோரஸாகிவிடும். இப்படிப்பட்ட பதிவு ஒலித்தரத்தில் நூறு வாங்கலாம். ஆனால் கூத்தின் பிரதியிலிருந்து பக்கங்களைக் கிழித்த பதிவு அது.

அதற்காக ‘தூய’ கிராமத்து ஒலி என்ற கற்பனைக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. குழுக்களே மைக் கட்டுகிறார்கள். கூம்பு ஸ்பீக்கரும் இன்றைய களத்தின் பகுதி. அதன் கரகரப்பைத் துடைத்தெடுத்து ‘பாரம்பரியம்’ தயாரிப்பதும் ஒரு வன்முறைதான்.

‘இரைச்சல்’ என்ற சொல்லுக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. கமகம் வராது, அந்நியச் சரக்கு என்றார்கள். தாகூரும் அந்த வாத்தியத்தை எதிர்த்தவர். 1971வரை தடை தளரவில்லை. அதே 30 ஆண்டுகளில் நாடக மேடையும் கூத்துக் களமும் ஆர்மோனியத்தை விடவில்லை. அப்படியானால் எந்தக் காது ‘இந்தியக் காது’ என்று தீர்மானிக்கப்பட்டது? சபாவில் உட்கார்ந்து பழகிய காது. நிதி கொடுக்கிற ஒரு தேர்வுக் குழு, கூத்துப் பதிவுகளை ‘சத்தம் அதிகம், தெளிவில்லை’ என்று ஒதுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். ‘தெளிவு’ என்று அவர்கள் கேட்டது, சனம் இல்லாத கூத்தை. ஒலித்தரம் பற்றிய தீர்ப்பு இப்படித்தான் ஓசையில்லாமல் சாதித் தீர்ப்பாக மாறுகிறது. ஒதுக்கப்படுவது ஒரு கேசட் மட்டுமா? ஒரு குழுவின் அடுத்த வருஷத்துப் பிழைப்பும்தான்.

எனவே, ஒரு பதிவைக் கையில் எடுக்கும்போது இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். மைக் யார் உட்கார்ந்த இடத்தில் இருந்தது? ஆர்மோனியச் சுரம் நேராக நிற்கிறதா? சொல்லுக்கும் மத்தளத்துக்கும் நடுவே மூச்சு கேட்கிறதா? கட்டியக்காரனின் நக்கலுக்குச் சனம் சிரித்தது பதிவில் இருக்கிறதா, வெட்டப்பட்டதா? ராத்திரி முழுக்க நடந்ததில் எந்த ஒரு மணிநேரம் இது, யார் தேர்ந்தது?

2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லைக் காப்பாற்ற ஆட்கள் வருவார்கள். ஒலியைக் காப்பாற்ற வருகிறவர்கள், பதிவின் ஒரு நகலை ஆடியவர்களிடம் கொடுத்து, ‘நீங்க சொல்லுங்க, இது உங்க கூத்துதானா?’ என்று கேட்டுவிட்டு மதிப்பெண் போடட்டும்.