பள்ளிக்கூட பஸ்ஸும் பூகோளப் படமும்

தலைக்கு இத்தனை ரூபாய் என்று பங்கிட்டுவிட்டால் நியாயம் செய்தாயிற்று என்று நினைப்பது சர்க்கார் கச்சேரிகளில் நெடுநாளாக ஊறிய வழக்கம். பள்ளிப் பிள்ளைகளின் பிரயாணச் செலவு விஷயத்தில் இந்தச் சமத்துவமே அநியாயமாக முடிகிறது. 2021-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஸமக்ர சிக்ஷா திட்டத்தைப் புதுப்பித்தபோது, உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கும் பிரயாண உதவி உண்டென்றும், அது தலைக்கு வருஷம் 6000 ரூபாய் வரை என்றும் தீர்மானித்தது. உதவியை விஸ்தரித்தது நல்ல காரியம், அதை வரவேற்கிறோம். ஆனால் தஞ்சைச் சமவெளியில் நேரான ரஸ்தாவில் வரும் பிள்ளைக்கும், மலையில் ஏறியிறங்கி வரும் பிள்ளைக்கும் ஒரே வரம்பு என்பது எந்தக் கணக்கு? கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேஜையின்மேல் படத்தை விரித்துக் கோல் வைத்து அளக்கும் குமாஸ்தாவுக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது.

சட்டம் இவ்விஷயத்தில் குமாஸ்தாவின் கட்சியில் இல்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய சர்க்கார் 2010-இல் செய்த விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அது நடந்து செல்லும் தூரம் என்று விதியிலேயே கண்டிருக்கிறது. நடப்பது பாதையில்; நேர்கோட்டில் அன்று.

பாதையின் நீளத்தை அளந்தாலும் வேலை முடிந்துவிடாது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு சிறுமியின் வழக்கு 1986-இல் பிரபுக்கள் சபை வரை சென்றது. மிகக் குறுகிய வழி 3 மைலுக்குச் சற்றுக் குறைவு. ஆகையால் இலவச பஸ் இல்லை என்றார்கள். அந்த வழியோ விளக்கில்லாத தனி வழி. பெரியவர் துணையோடு போகக்கூடியதானால் அது வழியே என்று தீர்ப்பாயிற்று. அவ்வருஷமே பார்லிமெண்டு, பிள்ளையின் வயதையும் வழியின் தன்மையையும் கவனிக்க வேண்டுமென்று சட்டத்தைத் திருத்திற்று. நம் விதிகளும் வெள்ளம், மண்சரிவு, ரஸ்தாவின்மை முதலிய அபாயங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. அவற்றைப் பணக் கணக்கில் கொண்டுவருவதுதான் பாக்கி.

அமெரிக்காவில் வட கரோலினா ராஜ்யம் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. மேற்கே 6684 அடி உயரமுள்ள மிட்செல் சிகரமும் அப்பலேச்சிய மலைகளும். கிழக்கே கடலோரத் தாழ்நிலம். அங்கே பள்ளி நிர்வாகங்கள் ரஸ்தாக்கள், பிள்ளைகளின் வீடுகள், பஸ் நிற்கும் இடங்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் படத்தில் பதிந்து வைக்கின்றன. பிள்ளைகள் எவ்வளவு சிதறி வசிக்கிறார்கள், பள்ளி எவ்வளவு தூரம், ரஸ்தா எவ்வளவு சுற்றிப் போகிறது, நிலம் எவ்வளவு உயரம் என்பவற்றுக்கு ஈடு கொடுத்துவிட்டு, அதன்பிறகே ஓரிடத்துச் செலவையும் பஸ் தொகையையும் மற்ற இடங்களோடு ஒப்பிடுகிறார்கள். மலை நாட்டுக்காரன் மலையில் பிறந்ததற்காகத் தண்டனை பெறுவதில்லை. வீணாகப் பஸ் ஓட்டுகிறவனுக்கு மட்டும் மானியம் குறைகிறது.

இம்முறையிலும் ஒரு கேடு ஒளிந்திருக்கிறது. பஸ்ஸைக் குறைத்தால் மதிப்பு ஏறுமென்றால், எஞ்சிய பஸ்ஸில் பிள்ளைகள் நெடுநேரம் சுற்ற நேரிடும். ஆகவே ஒரு பிள்ளை பஸ்ஸில் இத்தனை நிமிஷத்துக்கு மேல் இருக்கலாகாது என்ற வரம்பையும் உடன் வைக்க வேண்டும்.

நம்மிடம் கருவியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாட்டுப் பள்ளிகளைச் செயற்கைக் கோள் படத்தின்மேல் குறிக்கும் வேலையைத் தேசியத் தகவல் மையம் செய்திருக்கிறது. பள்ளியின் புள்ளி மட்டும் போதாது. குக்கிராமங்களும், அவற்றிலிருந்து வரும் பாதைகளும், மழைக்காலத்தில் அடைபடும் ஓடைகளும் படத்தில் ஏற வேண்டும். இவற்றைச் சென்னையிலிருந்து எவரும் கண்டுபிடிக்க முடியாது. மாடு மேய்க்கும் பையனுக்குத் தெரியும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு; பஸ்ஸே வராத ஊரில் அந்தப் பாஸ் சட்டைப்பையில் கிடக்கிறது. அப்படிப்பட்ட ஊர்கள் எவை என்பதும் இந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

ஆகஸ்டு 15-லும் அக்டோபர் 2-லும் கிராம சபைகள் கூடுகின்றன. பிரயாண உதவி அனுமதிக்குமுன் அவ்வூர்ப் படத்தைச் சபையில் விரித்து வைக்க வேண்டும். விடுபட்ட பாதையையும் அபாயமான துறையையும் ஜனங்கள் சொல்ல, அதிகாரி அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். நம் தொண்டர்கள் இத்தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு சபைக்குச் செல்வார்களாக.