இடுப்பு மூட்டுக்கு உலோகத் தொப்பி: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

‘எலும்பை வெட்டி எடுக்காமலேயே இடுப்பு மூட்டைச் சரிசெய்யலாம்’ என்று கேள்விப்பட்டால், நாற்பது வயதில் நொண்டி நடப்பவருக்கு ஆசை வராமல் இருக்காது. ‘ஹிப் ரீசர்ஃபேசிங்’ எனப்படும் இந்த அறுவை சிகிச்சை நல்ல சிகிச்சைதான். ஆனால் பொருந்துகிறவர்களுக்கு மட்டுமே நல்ல சிகிச்சை. அந்தக் கூட்டம் மிகச் சிறியது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

வழக்கமான மூட்டு மாற்று சிகிச்சைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் சுழல்கிறது. முழு மூட்டு மாற்றில் அந்தத் தலையைக் கழுத்தோடு வெட்டி எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஒரு தண்டைச் செருகி, அதன்மேல் செயற்கைப் பந்தைப் பொருத்துகிறார்கள். ரீசர்ஃபேசிங்கில் தலை அப்படியே இருக்கும். தேய்ந்த மேற்பரப்பை மட்டும் செதுக்கி, பல்லுக்கு ‘கேப்’ போடுவது போல ஓர் உலோகத் தொப்பியை மாட்டுகிறார்கள். கிண்ணத்திலும் உலோக உறை பதிக்கப்படும். இரண்டுமே கோபால்ட்-குரோமியம் கலவை.

எலும்பு மிச்சமாவது தொடைப் பக்கம்தான். கிண்ணப் பக்கத்தில் எந்தச் சேமிப்பும் இல்லை. மூட்டு மாற்றில் சுரண்டுவது போலவே இங்கும் சுரண்டியாக வேண்டும். ‘சின்ன ஆபரேஷன்’ என்று நினைப்பதும் தவறு. தலையை வெட்டாமல் அதைச் சுற்றி வேலை செய்ய வேண்டியிருப்பதால், மருத்துவருக்கு இது கூடுதல் சிரமம். வெட்டும் பெரும்பாலும் சிறியதாக இருக்காது.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. நவீன மூட்டு மாற்றின் தந்தை எனப்படும் ஜான் சார்ன்லி, 1950-களிலேயே டெஃப்லானை வைத்து இதை முயன்றார். டெஃப்லான் வேகமாகத் தேய்ந்ததால் கைவிட்டார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் டெரெக் மெக்மின், ரோனன் ட்ரீசி ஆகிய மருத்துவர்கள் உருவாக்கிய ‘பர்மிங்காம் ஹிப்’ 1997-இல் அறிமுகமான பிறகுதான் இது பரவியது. அமெரிக்காவில் அதற்கு 2006-இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், சொந்த நாட்டில் கிடைக்காத இந்த சிகிச்சைக்காக அமெரிக்கர்கள் சென்னைக்கு விமானம் ஏறி வந்தார்கள். ஆகவே தமிழ்நாட்டுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. ஆனால் அந்த அனுபவம் விரல் விட்டு எண்ணக்கூடிய கைகளில்தான் இருக்கிறது.

எனக்கு 36 வயது. ‘ஏவிஎன்’ என்கிறார்கள். நான் செய்துகொள்ளலாமா?

நம் ஊரில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். மேலைநாடுகளில் இந்த சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். நம் நாட்டில் இளவயதிலேயே இடுப்பு மூட்டு கெடுவதற்கு ஏவிஎன் ஒரு பெரிய காரணம். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்து, கடைசியில் நொறுங்கி உட்காருகிற நோய் அது. நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு, குடிப்பழக்கம், அடிபட்டது, அரிவாள் செல் ரத்தசோகை எனப் பல காரணங்கள் உண்டு. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள் சிலருக்கும் பின்னர் இது வந்தது.

தொப்பி நிற்க வேண்டியது அந்தத் தலையின் மேல். செத்த எலும்பின் பங்கு சிறிதாக இருந்து, அதைச் சுரண்டிய பிறகும் அடியில் உறுதியான எலும்பு மிஞ்சினால் செய்யலாம். பெரும்பகுதி செத்துப்போயிருந்தால், அதன்மேல் தொப்பி மாட்டுவதில் பொருள் இல்லை; சில காலத்திலேயே தளர்ந்துவிடும். எக்ஸ்ரே மட்டும் போதாது, எம்ஆர்ஐ பார்த்துத்தான் இதை முடிவுசெய்ய முடியும். ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்தால் தலையைக் காப்பாற்றும் வேறு சிகிச்சைகளும் இருக்கின்றன. பலர் தாமதிப்பதற்கு ஒரு காரணம், இடுப்பு மூட்டு வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரிவதுதான். சிலருக்கு முழங்காலில் மட்டும் வலிக்கும். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த சிகிச்சைக்கு மிகப் பொருத்தமானவர் யார் என்றால்: அறுபது வயதுக்குள் உள்ள ஆண், எலும்பு பலமானவர், சிறுநீரகம் நன்றாக இயங்குபவர், தொடை எலும்புத் தலை பெரிதாக, தொப்பியின் அளவு 48 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வரக்கூடியவர்.

பெண்களுக்கு ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

பாரபட்சம் எதுவும் இல்லை. பெண்களின் மூட்டு பொதுவாகச் சிறியது. சிறிய அளவுகளில் தேய்மானமும் தோல்வியும் அதிகம் என்பதை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூட்டுப் பதிவேடுகள் காட்டின. 2015-இல் பர்மிங்காம் ஹிப்பைத் தயாரிக்கும் நிறுவனமே, பெண்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்து, 46 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவானதுமான அளவுகளைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. உரசலில் வெளிவரும் உலோக அயனிகள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குப் போகும் என்பதால், குழந்தை பெறும் வயதில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உலோகத்துக்குப் பதில் பீங்கானால் ஆன தொப்பிகளும் வந்திருக்கின்றன. நம்பிக்கையூட்டுகின்றன, ஆனால் இருபது ஆண்டு அனுபவம் அவற்றுக்கு இன்னும் இல்லை.

உலோகம் ரத்தத்தில் கலந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உலோகத்தின் மேல் உலோகம் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிரும். கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் ஏறும். நன்றாகப் பொருத்தப்பட்ட மூட்டில் அளவு குறைவு, சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது கூடாது என்பது அதனால்தான். கிண்ணம் அதிகம் செங்குத்தாகச் சாய்ந்து அமைந்துவிட்டால் தொப்பி அதன் விளிம்பில் உரசும். துகள் பல மடங்காகும். மூட்டைச் சுற்றியுள்ள தசை அழுகி, கட்டி போன்ற வீக்கம் வரலாம். பிரிட்டிஷ் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, ரத்தத்தில் இந்த உலோகங்கள் 7 பிபிபி (நூறு கோடியில் ஏழு பங்கு) என்ற அளவைத் தாண்டினால் கூடுதல் பரிசோதனை தேவை என எச்சரிக்கைக் கோடு போட்டிருக்கிறது. வலி இல்லாதவருக்கும் உள்ளே கெடுதல் நடக்கலாம் என்பதால், ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

இந்த விஷயத்தில் இந்தியா கசப்பான பாடம் படித்திருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டீப்யூ நிறுவனம் தயாரித்த ‘ஏஎஸ்ஆர்’ வகையில் ரீசர்ஃபேசிங் தொப்பியும் உண்டு, முழு மூட்டும் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குள் நூற்றில் பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டதாக பிரிட்டிஷ் பதிவேடு காட்டிய பிறகு, 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் ஏஎஸ்ஆர் பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு நியமித்த நிபுணர் குழு, குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது 2018-இல். கொடுமை என்னவென்றால், பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆண்டி முர்ரே இதைச் செய்துகொண்டு டென்னிஸ் ஆடினாரே?

ஆடினார். 2019 ஜனவரியில் அறுவை சிகிச்சை. ஜூனில் லண்டன் குயின்ஸ் கிளப்பில் இரட்டையர் பட்டம். அக்டோபரில் ஆண்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை களத்தில் இருந்தார். ஆனால் அறுவை சிகிச்சையின்போது அவருக்கு வயது 31. கட்டுறுதியான எலும்பு, கூடவே எந்நேரமும் பயிற்சிக் குழு. அவருடைய ஐந்து மாதக் கணக்கை நம் கணக்காக வைத்துக்கொள்ளக் கூடாது.

தரையில் சம்மணம் போட்டு உட்காரலாமா? இந்தியன் டாய்லெட்?

பந்து பெரிதாக இருப்பதால் இந்த மூட்டு நழுவுவது அரிது. அந்த வகையில் முழு மூட்டு மாற்றைவிட இது நமக்குச் சாதகம். தொழுகைக்கு மண்டியிடுபவர்களும் தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களும் பலர் பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அது வாய்க்கும் என்று யாரும் உறுதி தர முடியாது; பல ஆண்டு இறுகிக் கிடந்த தசை, ஒரே அறுவை சிகிச்சையில் இளகிவிடாது. முதல் சில மாதங்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட்தான். வீட்டில் அது இல்லையென்றால், அறுவை சிகிச்சைக்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

எழுந்து நடக்க எத்தனை நாள்?

மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். சில நாட்களில் வீடு. தையல் பிரிப்பது இரண்டு வார வாக்கில். ஊன்றுகோல் நான்கு முதல் ஆறு வாரம். கார் ஓட்டுவது ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பிறகு. இருசக்கர வாகனத்தை இன்னும் தள்ளிப்போடுவது நல்லது.

வலி போய்விடுவதால் பலர் அவசரப்படுவது இந்தக் கட்டத்தில்தான். தொப்பிக்குக் கீழே இருப்பது உங்கள் சொந்த எலும்பு. செதுக்கப்பட்ட பிறகு அது மறுபடி வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். இந்த சிகிச்சைக்கே உரிய சிக்கல், தொடை எலும்பின் கழுத்து முறிவது. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நேரலாம், பெரும்பாலும் முதல் சில மாதங்களில். முறிந்தால் முழு மூட்டு மாற்றுதான் வழி. நீச்சலும் நடையும் சீக்கிரமே தொடங்கலாம். ஆனால் ஓட்டம், குதிப்பது, பாரம் தூக்குவதெல்லாம் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்து, மருத்துவர் சொல்லும்போதுதான். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், தையலில் நீர் கசிந்தால், தொடை இடுக்கில் திடீரென்று வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எத்தனை வருடம் உழைக்கும்?

பொருத்தமான ஆண்களிடம், பத்து ஆண்டுக்குப் பிறகும் நூற்றில் 95-க்கு மேற்பட்டோரின் மூட்டு நன்றாக இருக்கிறது. கெட்டால் முழு மூட்டுக்கு மாறலாம். தொடைப் பக்கம் எலும்பு மிஞ்சியிருப்பதால் அது பெரும்பாலும் எளிது. ஆனால் தசை கெட்டுப்போன பிறகு மாற்றினால் பலன் குறையும்.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

இதுவரை எத்தனை ரீசர்ஃபேசிங் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளும் மருத்துவரைவிட எண்ணிக்கை சொல்பவர் மேல். எந்த நிறுவனத்தின் தொப்பி, என்ன அளவு, உள்ளே போய்ப் பார்த்துத் தலை பலவீனமாக இருந்தால் அதே மேஜையில் முழு மூட்டுக்கு மாறுவீர்களா, காப்பீடு இதற்கு எவ்வளவு தரும் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். பொருத்திய கருவியின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வாங்குங்கள். போன் எண் மாறினால் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். ஏஎஸ்ஆர் நோயாளிகளைத் தேட முடியாமல் போனது இப்படிப்பட்ட சின்ன விவரங்கள் இல்லாததால்தான்.

எம்ஆர்ஐ எடுக்கலாமா? விமான நிலையத்தில் சத்தம் வருமா?

எடுக்கலாம், உலோகம் உள்ளே இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப இயந்திரத்தை அமைப்பார்கள். விமான நிலையத்தில் சத்தம் வரும். இடுப்பில் மூட்டு வைத்திருக்கிறேன் என்று சொன்னால், கையில் பிடிக்கும் கருவியால் சோதித்து அனுப்பிவிடுவார்கள்.