பறவையைக் காக்கும் பொறி

பொறி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, தேங்காய்த் துண்டை மாட்டி அடுக்களை மூலையில் வைக்கும் எலிப்பொறிதான். பறவைகளைப் பிடிக்க வேடன் வைக்கும் கண்ணியையும் கதைகளில் படித்திருக்கிறோம். ஆனால் பறவைகள் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே மக்கள் ஒன்றுகூடிப் பொறி வைக்கும் நாடு ஒன்று உண்டு. அதுவே நியூசிலாந்து.

ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும் நிலப்பரப்பிலிருந்து பிரிந்து, கடல் நடுவே தனித்து நின்ற நாடு அது. வௌவால்களைத் தவிர, நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் அங்கு இயற்கையாக இல்லை. துரத்தும் விலங்கு இல்லாதபோது பறந்து தப்பவேண்டிய தேவை ஏது? எனவே கிவி, டாகாஹே, காகாப்போ என்னும் பெரிய கிளி ஆகியவை காலப்போக்கில் பறக்கும் ஆற்றலை இழந்தன. ஆபத்து வந்தால் அசையாமல் நின்றுவிடுவது காகாப்போவின் வழக்கம். வானில் வட்டமிடும் வேட்டைப் பறவையின் கண்ணுக்கு அது தப்பும்; மோப்பம் பிடித்து வரும் விலங்கிடம் தப்புமா?

அத்தகைய விலங்குகளைக் கொண்டு சேர்த்தவன் மனிதனே. சுமார் 13-ஆம் நூற்றாண்டில் மாவோரி மக்களின் படகுகளில் பசிபிக் எலியும் நாயும் வந்தன. பின்னர் ஐரோப்பியரின் கப்பல்களில் வேறு எலிகளும் பூனைகளும் வந்தன. அவர்கள் கொண்டுவந்த முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலங்களை அழித்தபோது, அவற்றை ஒழிக்க 1880-களில் ஸ்டோட் என்னும் விலங்கை இறக்கினார்கள். நம் ஊர்க் கீரியை நினைவூட்டும் மெலிந்த உடல் அதற்கு. மரமும் ஏறும், கடலிலும் நீந்தும். பறவை அறிஞர்கள் எச்சரித்தும் பயனில்லை. முயலோடு நில்லாமல் முட்டைகளையும் குஞ்சுகளையும் அது தின்றது.

இந்த அழிவைக் கண்டு வருந்தியவர் ரிச்சர்ட் ஹென்றி. 1894-இல் ரெசல்யூஷன் தீவின் காவலராக நியமிக்கப்பட்ட அவர், நூற்றுக்கணக்கான காகாப்போக்களையும் கிவிகளையும் பிடித்துப் படகில் ஏற்றிச் சென்று, பாதுகாப்பான தீவுகளில் விட்டார். 1900-இல் அங்கும் ஒரு ஸ்டோட் காணப்பட்டது! கடலை நீந்திக் கடந்து வந்திருந்தது அது. தனி ஒருவரின் பல ஆண்டு உழைப்பு வீணாயிற்று. ஒருவர் கை ஓசை தராது என்ற பாடத்தை அத்தீவு கற்பித்தது எனலாம்.

இன்று அந்த வேலையைப் பலர் சேர்ந்து செய்கிறார்கள். மரப்பெட்டி ஒன்றினுள் வலுவான விசைப்பொறியும், ஆசை காட்ட ஒரு கோழிமுட்டையும் இருக்கும். கிவி நுழைய முடியாதபடி வாயில் சிறியதாக அமைக்கப்படும். உள்ளே வரும் விலங்கு நொடியில் உயிரிழக்கும். மை தடவிய அட்டையை வேறொரு கூட்டில் வைத்து, பதிந்திருக்கும் காலடித் தடங்களைக் கொண்டு எந்த விலங்கு வந்தது என்றும் அறிகிறார்கள். தன்னார்வலர்கள் முறைவைத்துப் பெட்டிகளைப் பார்த்து, பழைய முட்டையை மாற்றி, கணக்கு எழுதுகிறார்கள். பள்ளி மாணவர்களும் இதில் பங்குகொள்கின்றனர்.

இதன் பயன் என்ன? காவல் இல்லாத காட்டில் பிறக்கும் 100 கிவிக் குஞ்சுகளில் ஏறத்தாழ 5 மட்டுமே வளர்ந்து பெரிதாகின்றன. ஒரு கிலோ எடை வரும்வரை காப்பாற்றிவிட்டால், பின்பு ஸ்டோட்டைத் தன் வலிய கால்களால் உதைத்து விரட்டக் கிவிக்கே தெரியும். தலைநகர் வெலிங்டனை ஒட்டிய மலைகளில் 4,500-க்கு மேற்பட்ட பொறிகள் வைக்கப்பட்ட பின், 2022-இல் கிவிகள் அங்கு விடப்பட்டன. நூறாண்டுக்கும் மேலாக அப்பறவையின் குரல் கேட்காதிருந்த மலைகள் அவை! எலி, ஸ்டோட், போஸம் முதலிய விலங்குகளை 2050-க்குள் நாட்டிலிருந்தே நீக்குவது என்ற இலக்கை அரசு 2016-இல் அறிவித்தது.

இறைவன் படைத்த ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரைக் கொல்லலாமா என்ற கேள்வி நம் உள்ளத்தில் எழுவது இயல்பே. பறவைகளைச் சகோதரிகள் என்றழைத்த புனித பிரான்சிஸ் அசிசியாரைப் போற்றும் நாம், இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. ஸ்டோட் தீய விலங்கன்று. தன் இயல்பின்படி இரை தேடுகிறது. குற்றம், அதை அங்கே கொண்டுபோன மனிதனுடையது. ஆயினும் கை கட்டி நின்றால், உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இனமே மறையும். மறைந்த இனத்தை மீண்டும் படைக்க நம்மால் ஆகாது. எனவே பொறி வைப்பது அங்கே பகையால் அன்று, கடமையால். அதனால்தான் அந்த விலங்கும் துன்புறாமல் இறக்கவேண்டும் என்பதில் அவர்கள் கருத்தாக இருக்கிறார்கள்.

அன்புத் தோழியரே! முன்யோசனை இல்லாமல் ஒரு தலைமுறை செய்த செயலுக்கு, ஐந்தாறு தலைமுறைகள் பெட்டி பெட்டியாகச் சென்று ஈடு செய்கின்றன. படைப்பின்மேல் கை வைக்குமுன் நன்கு சிந்திப்போம். கெட்டதைச் சீர்செய்யும் வேலையில், சிறிதாயினும் நம் பங்கை ஏற்போம்.