மணப்பாடு கரைக்கே திமிங்கலங்கள் திரும்பத் திரும்ப வந்தது ஏன்?

2016 ஜனவரி 11. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பகுதியில் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கின. எண்ணிக்கை 80-ஐத் தாண்டியது. மீனவர்கள் தண்ணீரில் இறங்கி அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். போனவற்றில் பல மறுபடியும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கும் மேல் இறந்துபோயின.

இது முதல்முறை அல்ல. 1973 ஜனவரியில் இதே கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கின. அப்படியென்றால் இந்த இடத்தில் ஏதாவது மர்மம் இருக்கா?

விடை, அந்தத் திமிங்கலத்தின் குணத்தில் இருக்கிறது. இரண்டு முறையும் வந்தவை பைலட் திமிங்கலங்கள். தாய், பிள்ளை, உறவு என்று குடும்பமாகவே வாழ்பவை. ஒன்று நோயாலோ, வழி தவறியோ ஆழமில்லாத பகுதிக்கு வந்து சிக்கினால், மற்றவை விட்டுப் போகாது. தள்ளிவிட்டாலும் கரையில் கிடக்கும் சொந்தத்தின் குரல் கேட்டுத் திரும்பிவிடும்.

கரையின் அமைப்பும் ஒரு காரணமாகலாம். இவை ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்தே வழி கண்டுபிடிக்கும். மெல்லச் சரியும் மணல் கரையில் எதிரொலி சரியாகத் திரும்பாது. நியூசிலாந்தின் ஃபேர்வெல் ஸ்பிட்டும் அப்படிப்பட்ட மணல்திட்டுதான். 2017 பிப்ரவரியில் அங்கே 400-க்கும் மேற்பட்டவை ஒதுங்கின.

தரையில் கிடக்கும் திமிங்கலத்தை அதன் உடல் எடையே நசுக்கும், வெயில் சூடேற்றும். எனவே கரையில் கண்டால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஈரத்துணி போர்த்தலாம்; தலைமேல் உள்ள மூச்சுத்துளையை மட்டும் மூடக் கூடாது. ஒவ்வொன்றாக அல்ல, பிழைத்தவற்றைச் சேர்த்து ஆழ்கடலுக்கு அனுப்பினால்தான் திரும்பி வராமல் போக வாய்ப்பு அதிகம்.